வெள்ளிக்கிழமை ஃபேக்ஸ்

என் கணவர் நூர்தீன் கடைசியாக என்னிடம் கேட்டது, ரிசீவரில் சத்தம் வருகிறதா என்பதைத்தான். முன்னறையில் சுவரோரம் குந்தியிருந்து, தொலைபேசிக் கம்பியின் நுனியைப் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் மாப் பிசைந்த கையைச் சீலையில் துடைத்துவிட்டு ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கரகரத்தது. பிறகு அந்த நீண்ட ஒரே இரைச்சல் வந்தது.

"வருது," என்றேன்.

"தெளிவா வருதா?"

"ஓம், தெளிவாத்தான் வருது."

ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. இதோடு மோடம் வேலை செய்யாது, பாலாவியில் புதுக் கம்பி வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் மாவுக்குத் திரும்பினேன். ரொட்டி கல்லில் இருக்கும்போது அவர் படலையைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பாலாவிச் சந்தியில் ஒரு லொறி அவரை மோதியது. அசர் தொழுகைக்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி விசாரணையெல்லாம் முடிந்து மறுநாள்தான் மையித்தைத் தந்தார்கள்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வெறுங்கையோடு வந்து புத்தளத்தில் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் குடியேறியவர்கள். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. போட்டோக் கொப்பி, வெளியூர் அழைப்பு, ஃபேக்ஸ். ஊருக்குத் திரும்பிப் போகப் பதிபவர்கள் மன்னாரில் உள்ள அலுவலகங்களுக்குத் தாள்கள் அனுப்பவேண்டியிருந்ததால் ஃபேக்ஸுக்குத்தான் ஆட்கள் அதிகம் வந்தார்கள். பழைய ஃபேக்ஸ் மெஷின் துருப்பிடித்து நின்றுபோனதும், அவர் கொழும்பிலிருந்து ஒரு பாவித்த கொம்பியூட்டரும் உள்ளங்கையளவு மோடம் ஒன்றும் வாங்கி வந்திருந்தார். தாளை ஸ்கேனரில் வைத்தால் கொம்பியூட்டர் அதைப் படமாக்கும். மோடம் தானே இலக்கத்தைச் சுழற்றி, அந்தப் படத்தைச் சத்தமாக்கித் தொலைபேசிக் கம்பிக்குள்ளால் அனுப்பும். அப்படித்தான் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார். பூட்டி முடிப்பதற்குள் போய்விட்டார். மூடின பெட்டியும், சுரண்டின கம்பியும், பள்ளிக்கூடம் போகும் மகள் ரிஃப்காவும், நானும் மிஞ்சினோம்.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் முன்னால் வராமல், வீட்டுக்குள் இருக்கவேண்டும். கடைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு நிலை மட்டும் இருந்தது, கதவில்லை. அதில் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கடையை அவருடைய தம்பி அஸ்மி பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அஸ்மி அதுவரைக்கும் முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்தவன். கொம்பியூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஏழாம் நாள் கத்தம் ஓத வந்த பெரியவர்கள் திரைக்கு அப்பால் இருந்து கதைத்தது எனக்குக் கேட்டது. பெண் பிள்ளை கடை நடத்துவது எப்படி, கடையை அஸ்மியின் பொறுப்பிலேயே விட்டால் என்ன, ஸுல்பிகாவுக்கும் பிள்ளைக்கும் அவன் செலவுக்குக் கொடுக்கட்டுமே என்று என் பேரையும் சொன்னார்கள். அஸ்மி அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தா முடியட்டும், பார்ப்போம் என்று எழுந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். நான் வெளியே வரும்போது கடை கடையாக இருக்கவேண்டும். அதன் பேர் கெட்டுப்போயிருந்தால், அல்லது ஆட்கள் அவனுடைய கடை என்று சொல்லப் பழகியிருந்தால், பிறகு நானும் ரிஃப்காவும் அவன் கையைப் பார்த்துத்தான் இருக்கவேண்டி வரும்.

மோடத்தைப் பூட்ட அஸ்மி கற்பிட்டியிலிருந்து ஜெனிஸ்டன் என்பவனைக் கூட்டி வந்தான். சிலாபத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்தவன், கத்தோலிக்கப் பிள்ளை, வசனத்துக்கு ஒரு தரம் சரி என்பதைச் சிங்களத்தில் 'ஹரி' என்று சொல்லுவான். நான் திரைக்குப் பின்னால் பாயில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பியை மாற்றினான். எந்தத் துளையில் பூட்டுவது என்று அஸ்மிக்குக் காட்டினான். அச்சடிப்பது போலவே செய், ஆனால் பிரிண்டருக்குப் பதிலாக ஃபேக்ஸ் என்று தெரிவு செய், இலக்கத்தை அடி, பிறகு கை வைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு அந்தச் சத்தம் வந்தது. இலக்கங்கள் கொட்டின, அந்தப் பக்கம் மணி போனது, ஒரு நீண்ட விசில், அதற்கு எதிர் விசில், மணல் கொட்டுவது போல ஒரு இரைச்சல், பிறகு அமைதி. அமைதி வந்தால் பிடித்துவிட்டது, தாள் போகிறது என்று அர்த்தம் என்றான் ஜெனிஸ்டன்.

பார்க்க வந்தவர்களில் ஹயாத்து முகம்மது இருந்தார். வெங்காயத் தோட்டம் செய்பவர், எருக்கலம்பிட்டியில் காணி இருந்தவர். பேய் பிடிச்ச பூனை மாதிரிக் கத்துதே என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு தன்னுடைய தாள் ஸ்கேனரில் அப்படியே கிடப்பதைக் கண்டு, கடுதாசி இங்கேதானே கிடக்கு, அப்ப போனது என்ன என்று கேட்டார். படம் போனது என்றான் ஜெனிஸ்டன்.

"அப்ப படம் இதுக்குள்ளயும் கிடக்குமா?"

"கிடக்கும் அய்யா. வேணுமெண்டா அழிக்கலாம்."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் தன் பேரும் பழைய விலாசமும் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் என்பதை யாரும் விரும்பவில்லை. யார் வந்து பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அழித்துக் காட்டும்படி நின்று, அழித்ததைக் கண்ட பிறகுதான் ஹயாத்து முகம்மது போனார். அதிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அழிக்கச் சொன்னார்கள்.

எனக்குத் திரைக்குள் வேறு வேலையில்லை. ஓதுவேன், சமைப்பேன், கேட்பேன். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லக்கூடியதாக வந்துவிட்டது. விசிலுக்கு எதிர் விசில் வராவிட்டால் மறுபக்கம் மெஷின் இல்லை. அமைதி வந்தால் போய்விட்டது. அமைதி வந்த பிறகு அஸ்மி "போயிட்டு" என்பான், காசு போடும் லாச்சி திறந்து மூடும்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்தது. மறுநாள் கடை திறந்தபோது சத்தம் இல்லை. யாரோ ஒருவர் தாள் கொடுத்தார். விசைகள் தட்டப்பட்டன. கொட்டல் இல்லை, விசில் இல்லை, இரைச்சல் இல்லை. கொஞ்ச நேரத்தில் அஸ்மி "போயிட்டு" என்றான். லாச்சி திறந்து மூடியது.

அன்று பின்னேரம் ரிஃப்காவை விட்டுக் கேட்பித்தேன், மோடம் பழுதா என்று. இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு நித்திரை கெட்டது.

பிறகு ஹயாத்து முகம்மது கத்திக்கொண்டு வந்தார். மன்னார் அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். அவருடைய ஃபேக்ஸ் பாதிதான் கிடைத்ததாம். பேரும் விலாசமும் இருக்கிறது, காணி விபரமும் கையொப்பமும் இல்லை.

"தலை போயிருக்கு, கால் போகல்ல," என்றார் அஸ்மியிடம். "நடுவால வெட்டினது ஆரு? மெஷினா, நீயா?"

அஸ்மி இன்னொரு தரம் அனுப்பிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு பெண். எல்லாருக்கும் ஒரே கதை, பாதித் தாள். அல்லது ஒன்றுமே போகவில்லை. இதில் ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். முறைப்பாடு வந்தவை எல்லாம் வெள்ளிக்கிழமை அனுப்பியவை. வெள்ளிக்கிழமை தோட்ட வேலையும் கடல் வேலையும் நின்று, ஜும்மா முடிந்ததும் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். மன்னாரில் அலுவலகம் மூட முன்னர் போகவேண்டும் என்று அவசரப்படுவார்கள். அந்த நேரத்தில் ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்கள். தாளைக் கொடுத்து, அழிக்கச் சொல்லி, போய்விடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. கூட்டமான நாளில் அனுப்பாமலே அனுப்பினதாகச் சொல்கிறான். சத்தத்தை நிறுத்தியது நான் கேட்டுக் கண்டுபிடிப்பேன் என்பதற்காக. கடையின் பேர் கெட்டால், இத்தா முடிந்து நான் வரும்போது பெரியவர்கள் சொல்லுவார்கள், பொம்பிளைப் பிள்ளையால் இதை இனி நிமிர்த்த முடியாது, அவனே வேறு இடத்தில் புதிதாகப் போடட்டும் என்று. மகனை இழந்த என் மாமியிடம்கூட இதை நான் சொல்லவில்லை. அவனும் அவருக்கு மகன்.

மைமூனாவிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து வீடு, என்னோடு ஒரே தோணியில் மன்னாரை விட்டு வந்தவள். அவளுடைய மருமகன் நீர்கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. ஒரு தாளில் நானே சில வரிகள் எழுதிக் கொடுத்தேன், சுகம் விசாரிப்பதுபோல. மைமூனா அதைச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் அனுப்பினாள். அன்று பின்னேரமே மருமகன் அழைத்து, முழுத்தாளும் வந்தது, எழுத்து அச்சுப் போல இருக்கிறது என்றானாம்.

"அப்ப மெஷின் நல்லாத்தானே இருக்கு புள்ள," என்றாள் மைமூனா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெஷின் நல்லாக இருந்தால் கெட்டது ஆள் என்றுதானே ஆகிறது.

இத்தா முடியக் கிட்டிய நாட்களில் என் தங்கை றிஷ்னா மன்னாரிலிருந்து வந்தாள். அவளும் அவள் புருஷனும் முதலாவதாகத் திரும்பிப் போன ஆட்களில் சேர்த்தி. வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். முகத்தைத் துடைத்ததும் கோபம் வந்துவிட்டது. ஏன் ஃபோன் எடுப்பதில்லை என்று கேட்டாள். கிழமைக்குக் கிழமை எடுக்கிறாளாம், மணி போய்க்கொண்டே இருக்குமாம், ஒருவரும் தூக்குவதில்லையாம். கட்டாரில் இருக்கும் சின்னம்மாவின் மகளும் அதையே சொன்னாளாம். குடும்பத்தில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம், ஸுல்பிகாவுக்கு ஃபோன் கொடுக்க விடுகிறார்கள் இல்லை என்று.

ஃபோன் அடிக்கவே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

அன்றைக்கு ஜெனிஸ்டனும் கடையில் இருந்தான். முறைப்பாடுகளுக்காக அஸ்மியே அவனைக் கூப்பிட்டிருந்தான். கம்பியைச் சோதித்து, உப்பு பிடித்திருக்கலாம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

"அஸ்மி," என்றாள் றிஷ்னா திரைக்குள்ளிருந்தே, "என்ட ராத்தாவுக்கு ஃபோன் வந்தா ஏன் எடுக்கிறல்ல?"

"எப்ப எடுத்தீங்க?"

"ஒவ்வொரு வெள்ளியும். ஜும்மா முடிஞ்ச கையோட. அப்பதான் எங்களுக்கும் நேரம், கட்டாரிலயும் லீவு."

"அந்த நேரம் ஃபேக்ஸ் போய்க்கொண்டு இருக்கும். உங்களுக்கு மணி போக ஏலாது. பிஸி எண்டுதான் வரும்."

"அப்ப நான் பொய் சொல்றனா? மணி போச்சு. உம்மாவாண, மணி போச்சு."

"நான் சொல்றது பொய்யா?"

சண்டை இனி எங்கே போகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது ஜெனிஸ்டன் விசைகளைத் தட்டுவதை விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"ரெண்டு பேரும் உண்மை சொல்றீங்க போல. அக்கா, இந்த லைனுக்குக் கோல் வெயிட்டிங் போட்டிருக்கா?"

றிஷ்னாவுக்கு அது என்னவென்று தெரியாது. அஸ்மிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எடுத்தால், எடுப்பவருக்கு மணி போகும், கதைப்பவர் காதில் ஒரு சின்னக் கீச்சு விழும். பழைய மெஷின் காலத்தில், வெளியூர் அழைப்பு ஓடும் நேரத்தில் றிஷ்னாவின் அழைப்பு தவறக்கூடாது என்று நூர்தீன் அதைக் கேட்டுப் போடுவித்திருந்தார். இத்தா இருந்த அத்தனை நாளும் நான் அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் சொன்னதில்லை.

"போட்டிருக்கு," என்றேன். "அவர்தான் போட்டவர்."

ஜெனிஸ்டன் "ஹரி," என்றான். பிறகு அவன் விளங்கப்படுத்தியது இதுதான். மனிதர் கதைக்கும்போது நடுவில் கீச்சு விழுந்தால் ஒன்றும் ஆகாது. மோடம் கதைக்கும்போது விழுந்தால் அதற்கு அது விளங்காது, பிடி விட்டுவிடும், போய்க்கொண்டிருந்த தாள் அந்த இடத்தில் அறுந்துபோகும். கொம்பியூட்டர் கொஞ்சம் பொறுத்துத் தானாக மறுபடி அனுப்பப் பார்க்கும், ஆனால் அஸ்மி வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் கலைந்ததும் அதை அணைத்துவிட்டு அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவான். தாள் போகத் தொடங்கியதைக் கண்டதும் போய்விட்டது என்று அவன் உண்மையாகவே நம்பியிருக்கிறான்.

ஆகவே நடந்தது இதுதான். ஜும்மா முடிந்ததும் மன்னாரிலும் கட்டாரிலும் நீர்கொழும்பிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் எனக்கு ஆறுதல் சொல்ல ஃபோனைத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் எடுத்தபோது ஒரு தாள் அறுந்தது. ஹயாத்து முகம்மதின் காணியை நடுவால் வெட்டியது என் சொந்தக்காரர்களில் யாரோ ஒருவர்.

இலக்கத்துக்கு முன்னால் ஒரு குறியீட்டை அடித்தால் அந்த அழைப்புக்கு மட்டும் கீச்சு விழாது என்று ஜெனிஸ்டன் அதைக் கொம்பியூட்டரில் எழுதி வைத்தான். சோதிக்க ஒரு தாளை அனுப்பும்போது றிஷ்னாவைத் தன் கைத்தொலைபேசியால் எடுக்கச் சொன்னான். பிஸி என்றாள். தாள் முழுதாகப் போனது. எனக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, அன்று மோடத்தின் சத்தத்தைத் திறந்தும் விட்டான். விசில், எதிர் விசில், இரைச்சல், அமைதி. சத்தத்தை ஏன் மூடினீர்கள் என்று றிஷ்னா கேட்டாள். நாற்பதாம் கத்தம் ஓதும்போது உள்ளே கேட்கக்கூடாது என்று அஸ்மிதான் மூடச் சொன்னான், பிறகு மையித்து வீட்டில் இந்தக் கத்தல் வேண்டாம் என்று அப்படியே விடச் சொன்னான் என்றான் ஜெனிஸ்டன்.

அன்று பின்னேரம் கடை சாத்திய பிறகு அஸ்மி போகவில்லை. திரைக்கு அப்பால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. றிஷ்னா என் பக்கத்தில் இருந்தாள்.

"மதினி," என்றான். "மைமூனா ராத்தா கொண்டுவந்த கடுதாசி உங்கட எழுத்து. நான் அண்டைக்கே கண்ட."

றிஷ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நூர்தீன் நானா எண்டா கேட்டிருப்பார்."

"கடையை உன்ட பேருக்குக் கேட்டாங்க. நீ மறுத்தியா?" என்றேன்.

"மறுக்கவுமில்ல. கேக்கவுமில்ல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான், "உங்களுக்கு அது போதாதா?"

போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். றிஷ்னா என் கையைப் பிடித்து அழுத்தினாள், எதையாவது சொல்லச் சொல்லி. அவன் கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

இத்தா முடிந்து பெரியவர்கள் மறுபடி கூடினார்கள். அவர்கள் முன்னால் அஸ்மி கடைத் திறப்பை மேசையில் வைத்து, மதினி நடத்தட்டும், எனக்கு முந்தலில் வேலை இருக்கிறது என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவன் மறுபடி இறால் பண்ணைக்குப் போனான். பெருநாளைக்கு வருவான், ரிஃப்காவுக்கு உடுப்பு வாங்கி வருவான், என்னோடும் சுகம் விசாரிப்பான். கடைக்குள் மட்டும் வரமாட்டான். எனக்கும் சந்தேகம் முழுதாக விட்டுப்போகவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, குறியீடெல்லாம் சரியாக அடித்தும் ஒரு ஃபேக்ஸ் போகாமல் நின்றபோது, அவன் முந்தலில் இருக்கிறான் என்று தெரிந்தும், மனதில் முதலில் வந்தது அவனுடைய பேர்தான். காகிதம் தீர்ந்துபோனது மறுபக்கத்தில் என்று பிறகு தெரிந்தது.

கடை ஓடியது. நான் நானாகவே தாள் வைத்தேன், இலக்கம் அடித்தேன், ஆட்கள் கேட்க முன்னர் அழித்துக் காட்டினேன். ஹயாத்து முகம்மதுக்குக் காணி கிடைத்தது. அதைச் சொல்ல வந்தவர், பூனை இப்ப கத்துறல்லயோ என்று கேட்டார். கத்துது, நீங்க வரேக்க மட்டும் பயந்து பேசாம இருக்கு என்றேன்.

ஒவ்வொரு தரமும் குறியீடு அடிப்பது தொல்லையாக இருந்ததால், கோல் வெயிட்டிங்கை ஒரேயடியாக நிறுத்தப் புத்தளத்தில் உள்ள தொலைபேசி அலுவலகத்துக்கு ஒரு நாள் போனேன். லைன் யாருடைய பேரில் இருக்கிறதோ அவர் வந்து கேட்கவேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் மரணச் சான்றிதழோடு லைனை என் பேருக்கு மாற்றிவிட்டு, பிறகு வந்து கேட்கலாம் என்றார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது அந்த லைனில் யாரும் ஃபேக்ஸ் அனுப்புவதில்லை. அந்தக் கோல் வெயிட்டிங் இன்னும் அவருடைய பேரில்தான் இருக்கிறது.